மழைத்தட்டைக் கழற்றலாமா? ஷெல்பி ஜிடி500 பானெட் வென்ட்டும் என்ஜின் சூடும்

ஃபோர்டு மஸ்டாங்கின் அதிவேக வகையான ஷெல்பி ஜிடி500 வைத்திருப்பவர்கள் முதல் ட்ராக் டேவுக்கு (சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாளுக்கு) முந்தின நாள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: பானெட் வென்ட்டுக்கு (சூடான காற்றை வெளியேற்றும் திறப்புக்கு) அடியில் இருக்கும் அலுமினிய மழைத்தட்டைக் கழற்றிவிட்டுப் போவதா, அப்படியே விட்டுவிடுவதா? கழற்றியவர்களில் சிலர் திரும்ப மாட்டுவதே இல்லை. சிலர் தட்டில் ஓட்டை போட்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பார்க்கிறார்கள். பானெட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்குபவர்களும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் விளைவு வேறு வேறு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை வண்டி எந்த வேகத்தில் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்ற இரண்டு விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன.

2020 முதல் 2022 வரை விற்பனையான ஜிடி500-இல் 5.2 லிட்டர் வி8 என்ஜின், அதன்மேல் 2.65 லிட்டர் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), 760 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜரைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரை வி8-இன் இரு வரிசைகளுக்கும் நடுப் பள்ளத்தில் புதைத்திருக்கிறார்கள். இவ்வளவு சூட்டையும் வெளியே தள்ளத்தான் பானெட்டில் 31 அங்குலத்துக்கு 28 அங்குலம் அளவில் சிலாட்டுகள் (சாய்வான பட்டைகள்) கொண்ட அந்தப் பெரிய திறப்பு. கணக்குப் பார்த்தால் 6 சதுர அடி, அதாவது 0.56 சதுர மீட்டர். மழைத்தட்டு அதன் கீழே தொட்டி மாதிரி நின்று, விழும் தண்ணீரை ஓரத்துக்கு வழியவிடுகிறது. தட்டு இருக்கும்போதும் காற்று வெளியேறுகிறது. ஆனால் நேராக மேலே போகாமல் தட்டின் விளிம்பைச் சுற்றி, குறுகிய இடைவெளி வழியாக நெளிந்து போக வேண்டும். கழற்றி மாட்டக்கூடியதாகவே ஃபோர்டு அதைக் கொடுத்திருப்பது இதனால்தான்.

காற்று ஏன் மேலே போகிறது

ரேடியேட்டர் வழியாகக் காற்றை ஓடவைப்பது அதன் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். கிரில் பக்கம் அழுத்தம் கூடுதல். ரேடியேட்டரைத் தாண்டிய காற்று என்ஜின் அறையில் வந்து தேங்கினால் பின்பக்க அழுத்தமும் ஏறும், வித்தியாசம் சுருங்கும், ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் வழியே போகும் காற்று குறையும். பானெட்டின் முன்பகுதிக்கு மேலே காற்று வளைந்து வேகமெடுக்கும் இடத்தில் அழுத்தம் குறைவு. அங்கே திறப்பு வைத்தால் உள்ளே தேங்கியது உறிஞ்சப்பட்டு வெளியேறும். முன் சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும் விசையும் அதோடு குறையும்; இது வேகமான வளைவுகளில் ஸ்டியரிங்கில் தெரியும்.

இந்த உறிஞ்சும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. காற்றின் அடர்த்தியை கனமீட்டருக்கு 1.2 கிலோ என்று வைத்தால், ஓடும் காற்று தரக்கூடிய அழுத்தம் 30 கி.மீ. வேகத்தில் சுமார் 42 பாஸ்கல், 100 கி.மீ. வேகத்தில் சுமார் 463, 200 கி.மீ. வேகத்தில் சுமார் 1,850. சிக்னலுக்குச் சிக்னல் நகரும் வண்டிக்கும் ரோடு அட்லாண்டா பந்தயத் தடத்தின் பின் நேர்சாலையில் பறக்கும் வண்டிக்கும் இடையே 44 மடங்கு வித்தியாசம். ஊருக்குள் ரேடியேட்டரைக் குளிரவைப்பது மின்விசிறி; வென்ட் அங்கே பெரிதாக எதையும் செய்வதில்லை. தட்டைக் கழற்றிவிட்டு, "டவுனுக்குள்ளே டெம்பரேச்சர் முள் இறங்கவே இல்லையே" என்பவர்களுக்குப் பதில் இதுதான். நகர ஓட்டத்தில் சூடு ஏறினால் விசிறியையும் கூலண்ட் அளவையும் ரேடியேட்டர் துடுப்புகளில் அடைந்த தூசியையும் பாருங்கள், தட்டைத் தொடாதீர்கள்.

தட்டை அப்படியே விடுவது

தினமும் வேலைக்குப் போக, வார இறுதியில் மலைப்பாதையில் ஓட்ட, எப்போதாவது கால் மைல் டிராக் ரேஸ் (நேர்கோட்டு வேகப் போட்டி) போக என்றால் இதுவே போதும். டிராக் ரேஸில் முழு விசை பத்துப் பன்னிரண்டு நொடிகள்தான். கூலண்ட் கொதிக்க அது போதாது. அங்கே தொல்லை தருவது இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே நிற்கும்போது சூப்பர்சார்ஜரிலும் இன்டர்கூலரிலும் ஊறும் சூடு. அதற்குத் தட்டைக் கழற்றத் தேவையில்லை, வரிசையில் நிற்கும்போது பானெட்டைத் தூக்கி வைத்தாலே போதும்.

ட்ராக்கில் 20 அல்லது 30 நிமிட செஷனில், ஓட்டுநர் இன்னும் பழகும் நிலையில் இருந்தால், குளிர்காலத்தில் தட்டோடு ஓட்டினாலும் பெரும்பாலும் சிக்கல் வராது. வேகம் கூடக் கூடத்தான் சூடும் கூடும். முதல் நாளே எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ட்ராக்குக்கு மட்டும் கழற்றி, சாலைக்குத் திரும்ப மாட்டுவது

எங்கள் பரிந்துரை இதுதான். உழைப்பு அரை மணி நேரம். கிடைப்பது வண்டியை வடிவமைத்தவர்கள் கணக்கிட்ட முழுத் திறப்பு. ஆனால் வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும்.

என்ஜின் முழுக்க ஆறட்டும். குறைந்தது இரண்டு மணி நேரம். பானெட்டைத் திறந்து தாங்கியதும், கீழே என்ஜின்மேல் ஒரு பழைய போர்வையை விரியுங்கள். கையிலிருந்து நழுவும் ஒரு போல்ட் சூப்பர்சார்ஜருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் விழுந்தால், அதை எடுக்கக் காந்தக் குச்சியோடு ஒரு மணி நேரம் போகும். எஃகு போல்ட் என்றால் காந்தத்துக்கு வரும். அலுமினிய வாஷர் வராது.

தட்டின் வடிவத்தை ஒரு அட்டைப் பெட்டியின்மேல் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றியவுடன், அது இருந்த அதே இடத்தில் அட்டையைக் குத்தி நிறுத்துங்கள். நீளம் மாறியவை, வாஷர் உள்ளவை எல்லாம் தம் இடத்திலேயே நிற்கும். எண்ணிக்கை குறைந்தால் பார்த்தவுடன் தெரியும். ஓரத்து போல்ட்டுகளை முதலில் எடுத்து, நடுவில் எதிரெதிராக உள்ள இரண்டைக் கடைசிக்கு விடுங்கள். இல்லையென்றால் தட்டு ஒருபக்கமாகத் தொங்கி, மெல்லிய அலுமினியம் வளைந்துவிடும். கடைசி இரண்டைக் கழற்றும்போது இன்னொருவர் தட்டைத் தாங்கிப் பிடிக்கட்டும்.

மின்சார ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். கை ராட்செட் போதும். பானெட் அலுமினியம், அதன் மரைகள் மென்மையானவை. திரும்ப மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றிவிட்டு, பிறகு கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் துளைகள் நேருக்கு நேர் வராது. அப்போதுதான் மரை உரிகிறது.

கழற்றிய பிறகு வென்ட் வழியாகக் கீழே எட்டிப் பாருங்கள். இதுவரை தட்டு மறைத்திருந்த வயர்கள், குழாய்கள், கிளிப்புகள் எல்லாம் இனி நேரடிக் காற்றில். தளர்ந்த கிளிப் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். பானெட் பின்கள் பூட்டியிருக்கின்றனவா என்று இருமுறை பாருங்கள்.

கழற்றிய தட்டைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, பின் சீட்டை மடித்து வண்டியிலேயே கொண்டுபோங்கள். வீட்டில் விட்டுவிட்டுப் போய், ஃப்ளோரிடாவின் செப்ரிங் ட்ராக்கில் கோடைகால மாலை மழையில் மாட்டிக்கொள்வது வேண்டாத தலைவலி.

ஓடும்போது மழை வந்தால் என்ன ஆகும் என்று பலரும் பயப்படுகிறார்கள். வேகமாக ஓடும் வண்டியில் வென்ட் வழியாகக் காற்று மேல்நோக்கிச் சீறிக்கொண்டிருக்கிறது; துளிகளில் பெரும்பாலானவை உள்ளே இறங்குவதில்லை. தண்ணீர் இறங்குவது வண்டி நிற்கும்போது. மணிக்கு 25 மி.மீ. பெய்யும் மழையில் 0.56 சதுர மீட்டர் பரப்பில் விழுவது 14 லிட்டர். சிலாட்டுகள் பாதியைத் தடுத்தாலும், பேடக்கில் (ட்ராக்கை ஒட்டி வண்டிகள் நிற்கும் இடத்தில்) ஒரு மணி நேரம் நிற்கும் வண்டியின் என்ஜின்மேல் 7 லிட்டர். ஆகவே ட்ராக்குக்குப் போகும்போது வென்ட்டை மூட ஒரு தார்ப்பாய் எடுத்துச் செல்லுங்கள். பானெட்டின்மேல் ஒட்டும் காந்தத் தகடுகள் கடைகளில் கிடைக்கும். எஃகு பானெட்டில்தான் அவை பிடிக்கும், அலுமினியத்திலும் கார்பன் ஃபைபரிலும் நழுவி விழும். செஷன் முடிந்து வந்த உடனேயே மூடவும் கூடாது. முதல் பதினைந்து நிமிடம் சூடு வெளியேற விடுங்கள்.

நிரந்தரமாகக் கழற்றி வைப்பது

அரிசோனா, நெவாடா போன்ற வறண்ட இடம், மூடிய கராஜ், மழை நாளில் வண்டியை எடுக்காத பழக்கம் என்ற மூன்றும் சேர்ந்தால் இதில் பெரிய தீங்கு இல்லை. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நாங்கள் இதைச் சொல்ல மாட்டோம்.

தண்ணீர் என்ஜினை ஒரே நாளில் கெடுக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். என்ஜின் அறையில் உள்ள சென்சார் கனெக்டர்கள் எல்லாம் சாதாரண நீர்த்தெளிப்பைத் தாங்கும்படி ரப்பர் சீல் போட்டவை. முதல் மழையில் எதுவும் ஆகாது. ஐந்தாவது மழையிலும் ஆகாது. ஆனால் நான்கு கேம்ஷாஃப்ட் உள்ள இந்த வி8-இல் ஸ்பார்க் பிளக்குகள் கேம் கவரின் நடுவே ஆழமான குழிகளில் இருக்கின்றன. இக்னிஷன் காயில்கள் அந்தக் குழிகளின் வாயில் மூடிபோல உட்கார்ந்திருக்கின்றன. காயிலின் ரப்பர் விளிம்பு சூட்டில் கெட்டிப்பட்ட பிறகு, கவரின்மேல் தேங்கிய தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குழிக்குள் இறங்குகிறது. என்ஜின் சூடாகும்போது அது ஆவியாகி, மேலே போக வழியில்லாமல் அங்கேயே திரும்பத் திரும்பக் குளிர்ந்து நிற்கும். ஒருநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் தடுமாறும். ஸ்கேனரில் பி0300 என்று பல சிலிண்டர்களின் மிஸ்ஃபயர் கோடு வரும். காயிலைப் பிடுங்கிப் பார்த்தால் அதன் நீண்ட ரப்பர் குழாயில் வெள்ளைச் சுண்ணக் கோடு ஒன்று, தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று காட்டும். பிளக்கின் அறுகோணத்தில் துரு பிடித்திருக்கும். அந்த நிலையில் பிளக்கை நேராகக் கழற்றப் போகாதீர்கள். முதலில் குழியைக் காற்றால் ஊதிக் காயவையுங்கள். இல்லையென்றால் துருத்தூளும் தண்ணீரும் பிளக் துளை வழியாக நேரே சிலிண்டருக்குள் போகும்.

ஈரமான சூப்பர்சார்ஜர் பெல்ட் வழுக்கிக் கீச்சிடும். பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம்) ஒரு கணம் விழும். மரத்தடியில் நிறுத்தினால் காய்ந்த இலைகள் வென்ட் வழியாக விழுந்து எக்ஸாஸ்ட் பக்கம் சேரும். முதலில் கருகல் நாற்றம் வரும், அதை அலட்சியம் செய்தால் நெருப்பு. பானெட்டைத் திறந்து வாரம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் தட்டை மாட்டிக்கொள்வதே நல்லது.

வண்டி கழுவுவதும் மாறிவிடும். தானியங்கி வாஷுக்குள் போகவே கூடாது. கையால் கழுவும்போதும் வென்ட்டின்மேல் தடித்த துண்டை விரித்து, பெயிண்ட்டை உரிக்காத நீல மாஸ்கிங் டேப்பால் ஓரங்களை ஒட்டிவிட்டு, பிரஷர் வாஷரை அந்தப் பக்கம் காட்டாமல் கழுவ வேண்டும். கனெக்டர் சீல்கள் மழையைத் தாங்கும். பிரஷர் வாஷரைத் தாங்காது.

இன்னொரு சிறு தொல்லை: வெளியேறும் சூடான காற்று முன் கண்ணாடியின் அடிப்பகுதி வழியாக நழுவுகிறது. காருக்குள் காற்று எடுக்கும் வாயும் அங்கேதான். சிறு எண்ணெய்க் கசிவு இருந்தாலும் உள்ளே நாறும். ஏசியை உள்சுழற்சியில் வைத்தால் தீரும்.

தட்டில் ஓட்டை போடுவது, பானெட்டைத் தூக்குவது

இரண்டையும் வேண்டாம் என்றே சொல்வோம். 25 மி.மீ. விட்டத்தில் 20 துளைகள் போட்டாலும் மொத்தத் திறப்பு 98 சதுர சென்டிமீட்டர்தான். வென்ட்டின் பரப்பில் 2 சதவீதம்கூட இல்லை. காற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, தண்ணீருக்கோ தாராளம். ஓரத்துக்கு வழிய வேண்டிய தண்ணீர் இப்போது துளைகளுக்கு நேர்கீழே ஒரே இடத்தில் சொட்டும். மெல்லிய அலுமினியத்தில் துளை விளிம்பு எல்லாம் அதிர்வில் விரிசல் தொடங்கும் இடம். அசல் பாகமும் வீண்.

கீல் போல்ட்டுகளில் வாஷர் வைத்துப் பானெட்டின் பின்விளிம்பைத் தூக்கும் வழக்கம் பழையது. நிற்கும் வண்டியில் அனல் மேலெழுந்து வெளியேறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதனால்தான் அது வேலை செய்வதாக நம்புகிறார்கள். கண்ணாடியின் அடிவாரம் ஓடும்போது அழுத்தம் கூடும் இடம். வேகமெடுத்ததும் காற்று அந்த இடுக்கு வழியாக உள்ளே புகுந்து என்ஜின் அறையின் அழுத்தத்தை ஏற்றும். ரேடியேட்டர் வழியே வரும் காற்று குறையும். பந்தயத்துக்காகச் செய்த மாற்றம் பந்தய வேகத்தில் எதிராகத் திரும்பும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். 5 செ.மீ. நீள உல்லன் நூல் துண்டுகளை வென்ட்டின் ஓரங்களிலும் பானெட்டின் பின்விளிம்பிலும் டேப்பால் ஒட்டி, ஓடும்போது பக்கத்து சீட்டிலிருந்து ஒருவர் வீடியோ எடுக்கட்டும். வெளியே நீட்டிப் படபடக்கும் நூல் காற்று வெளியேறும் இடத்தைக் காட்டும். உள்நோக்கி மடங்கினால் காற்று உள்ளே போகிறது. நூல் ஐம்பது காசு செலவு. விவாதம் ஐந்து நிமிடத்தில் முடியும்.

முடிவெடுக்க எதைப் பார்ப்பது

டாஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். ஓபிடி லாகர் (வண்டியின் கணினித் தகவல்களைப் பதிவு செய்யும் கருவி) ஒன்றை மாட்டி, கூலண்ட், என்ஜின் ஆயில், சூப்பர்சார்ஜருக்குப் பிந்தைய காற்று, கியர்பாக்ஸ் ஆகிய நான்கு வெப்பநிலைகளையும் பதிவு செய்யுங்கள். தட்டோடு ஒரு செஷன், தட்டில்லாமல் ஒரு செஷன்; அதே ட்ராக், அதே டயர், வெளி வெப்பம் 2 அல்லது 3 டிகிரிக்குள். உச்ச எண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள். கடைசி மூன்று சுற்றுகளில் கோடு மட்டமாக நிற்கிறதா, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மட்டமாகிவிட்டால் வண்டி தன் சூட்டைச் சமாளிக்கிறது என்று பொருள். ஏறிக்கொண்டே போனால் செஷன் இன்னும் ஐந்து நிமிடம் நீண்டிருந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

காற்றின் வெப்பநிலை ஏறினால் கணினி இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து விசையைக் குறைக்கும். எச்சரிக்கை விளக்கு எரியாது. நேர்சாலை முடிவில் வேகம் சுற்றுக்குச் சுற்று 3 அல்லது 4 கி.மீ. குறைவதுதான் முதல் அறிகுறி. தண்ணீரில் பாதிக்குப் பாதி கிளைக்கால் (glycol) கலந்த கூலண்ட் 15 பிஎஸ்ஐ மூடியின் கீழ் கொதிப்பது சுமார் 129 டிகிரி செல்சியஸில். மூடி பழசாகி அழுத்தம் பிடிக்காவிட்டால் 107 டிகிரியிலேயே கொதிக்கும். தட்டைக் கழற்றும் முன் மூடியைச் சோதிப்பது மலிவான வேலை.

தட்டில்லாமலும் கோடு ஏறினால் குறை வேறெங்கோ. ரேடியேட்டருக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்று ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும். தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் பட்டையை வைத்து அடையுங்கள். கீழ் கிரில்லுக்குப் பின்னால் டயர் ரப்பர் துணுக்குகளும் புல்லும் அப்பியிருக்கும். என்ஜின் பக்கமிருந்து முன்நோக்கி, குறைந்த அழுத்தத்தில் ஊதி எடுங்கள். எதிர்ப்பக்கம் ஊதினால் இன்னும் ஆழமாகப் போகும்.

கடைசியாக, இதை அப்படியே மற்ற வண்டிக்குப் பொருத்தாதீர்கள். செவர்லே கார்வெட் சி7 இசட்06-இல் சூட்டுப் புகார்களுக்குப் பிறகு 2017 மாடலில் தொழிற்சாலையே பானெட் வென்ட்டைப் பெரிதாக்கியது. திறப்பின் பரப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அது சாட்சி. டொயோட்டா ஜிஆர் சூப்ரா ஏ90-இன் பானெட்டில் உள்ளவை பிளாஸ்டிக்கால் அடைத்த போலி வென்ட்டுகள். அடைப்பைப் பிடுங்கினால் துளை கிடைக்கும், ஆனால் கீழே தண்ணீரை வாங்கி வழியவிட எதுவும் இல்லை. உங்கள் வண்டியின் மூடி போல்ட்டில் நிற்கிறதா, பசையில் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போல்ட் என்றால் கழற்றுவதற்கென்று வைத்தது. பசை என்றால் நூல் சோதனையை முடித்த பிறகே கத்தியை எடுங்கள்.